அடியிலிருந்து வரும் நீர்

சென்னையில் 2003ஆம் ஆண்டின் வறட்சியை அனுபவித்தவர்களுக்கு நிலத்தடி நீரைப் பகையாக நினைப்பது கடினம். மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய அவசரச் சட்டம் வந்த ஆண்டு அது. திருவான்மியூரில் எங்கள் வீட்டுக் கொல்லையிலும் உறை இறக்கினோம். கிணற்றில் நீர் ஏறுவதை அப்பா தினமும் எட்டிப் பார்ப்பார், பிள்ளை வளர்வதைப் பார்ப்பதுபோல.

2015 டிசம்பரில் தெருவெள்ளம் எங்கள் வாசலைத் தாண்டவில்லை. அப்பா அடுக்கிய மணல் மூட்டைகள் நனைந்ததோடு சரி. மழை ஓய்ந்த மறுநாள்தான் பூஜையறைத் தரையோடுகளின் இடுக்கில் நீர் கசிந்தது. துடைக்கத் துடைக்க ஊறியது. மாலைக்குள் கணுக்கால் அளவு. கிணற்றில் நீர் எந்த மட்டத்தில் நின்றதோ, அதே மட்டத்தில் வீட்டுக்குள்ளும் நின்றது.

கடலோரத்து மணல் மழையை உடனே குடித்துவிடும். மணலின் இடைவெளிகள் நிரம்பிய பின் நீர்மட்டம் மேலேறி, தாழ்ந்த இடத்தைத் தேடி வெளிப்படும். சாலை போடும்போதெல்லாம் தெரு உயர்ந்ததால் எங்கள் பழைய வீடுதான் அந்தத் தாழ்ந்த இடமாகியிருந்தது. மணல் மூட்டை இதற்கு என்ன செய்யும்? வானம் வெளுத்த பிறகும் இந்நீர் நாட்கணக்கில் நிற்கும். செப்டிக் டேங்கும் கிணறும் மண்ணுக்கடியில் ஒன்றாகிவிடும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. தெளிவாகத் தெரிகிறதே என்று அந்தக் கிணற்று நீரைக் குடிக்கக்கூடாது.

அழுக்கு கலந்த நிலத்தடித் தொட்டியை உடனே இறைத்துவிட அப்பா மோட்டாரை எடுத்தார். எங்கள் கொத்தனார்தான் தடுத்தார்: "சம்ப்பைக் காலி பண்ணாதீங்கய்யா, மெதந்துடும்." பத்தாயிரம் லிட்டர் தொட்டி நீருக்குள் மூழ்கியிருந்தால், அதை ஏறத்தாழ 10 டன் விசை மேலே தள்ளும். உள்ளே நீர் இருக்கும்வரை அதன் எடை தொட்டியை அழுத்திப் பிடித்திருக்கும். ஆர்க்கிமிடீஸைப் பள்ளியில் படித்த எங்களுக்கு அது தோன்றவில்லை என்பது வேறு விஷயம்.

நீர் வடிந்த பின்னும் ஓதம் போகவில்லை. சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, சுண்ணாம்பு உதிர்ந்தது. நாங்கள் மாடிக்குப் போனோம். கீழ்த்தளத்தை வெள்ளையடித்து வாடகைக்கு விடலாம் என்றார் அப்பா. வருகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றேன் நான். இரண்டு நாள் பேச்சில்லை.

2016 சித்திரையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வீடு பார்க்க வந்தார். சொன்னேன். எந்த உயரம்வரை வந்தது என்று கேட்டார். காட்டினேன். பிறகு கிணற்றைப் பார்க்க வேண்டுமென்றார். நீர் வெகு கீழே, பச்சையாகக் கிடந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், மாடியில் ஏதேனும் காலியாக இருக்கிறதா என்று கேட்டார்.