ஜாங்கோவிலிருந்து ஃபிளாஸ்க்குக்கு



நம் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான் (பேர் போடாதீங்க டீச்சர் என்று கேட்டுக்கொண்டான்). இணையதளம் எழுதுகிற வேலை. ஜாங்கோவுக்கென எழுதிய பிழை பார்க்கும் கருவி ஒன்றை ஃபிளாஸ்க்குக்கு மாற்றிக்கொண்டிருக்கிறானாம். "ஆபீஸ்ல இதைக் காப்பி அடிக்கிற வேலைங்கிறாங்க டீச்சர். வருஷக் கடைசி மதிப்பீட்டுல சேர்க்க மாட்டாங்களாம்" என்றான். முகம் வாடியிருந்தது.

எனக்குப் புரியும்படி சொல் என்றேன். மடிக்கணினியைத் திறந்தான். ஒரு வகுப்பின் 40 பெயர்கள் உள்ள பக்கம். ஓரத்தில் ஒரு பட்டை. பக்கம் திறக்கத் தரவுத்தளத்திடம் 41 முறை கேள்வி போயிருக்கிறது என்று காட்டியது. பட்டியலுக்கு ஒன்று, பிறகு பிள்ளைக்கு ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் எழுந்து ஆபீஸ் ரூமுக்கு ஓடி வந்தால் வருகைப் பதிவு எப்போது முடியும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பட்டை.

ஜாங்கோ, அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற ஊரில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி 2005இல் வெளியானது. சமையலறை முதல் சாமி அறை வரை எல்லாம் உள்ள பெரிய வீடு மாதிரி. 2010இல் வந்த ஃபிளாஸ்க் வெறும் வாடகை அறை. பாய், பாத்திரம் நாம்தான் கொண்டு போகணும். ஜாங்கோவில் தரவுத்தளக் கேள்விகளெல்லாம் அதன் சொந்த வாசல் வழியாகவே போகும், அங்கே நின்று எண்ணிவிடலாம். ஃபிளாஸ்க்கில் அந்த வாசலே கிடையாது. இவர்கள் எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற வேறொன்றைச் சேர்த்திருக்கிறார்கள், எண்ணும் வேலையை அங்கே போய்ப் புதிதாகப் பொருத்த வேண்டியிருந்ததாம். பட்டையின் தோற்றம் மட்டும் அதிகம் மாறாமல் வந்துவிட்டது. ஃபிளாஸ்க்கின் ஜின்ஜா வார்ப்புரு, ஜாங்கோவுடையதைப் பார்த்து அமைந்ததுதானே.

பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் எப்படி எழுதுவான் என்று முப்பது வருஷம் பார்த்தவள் நான். வினாத்தாள் வேறாக இருந்தாலும் அதே எண்களை எழுதி வைப்பான். இவன் இரண்டு வினாத்தாளையும் படித்திருக்கிறான்.

ஒன்று மட்டும் கேட்டேன். "முதலில் எழுதியவர் பேரைப் போட்டாயா?"

"போட்டாச்சு டீச்சர். உரிமத்திலேயே அது கட்டாயம். ஃபிளாஸ்க்குக்கு ஏற்கெனவே இருக்கிற பட்டையும் ஜாங்கோவிலிருந்து வந்ததுதான், அவங்களும் அறிமுகத்துலயே சொல்லிடுறாங்க."

வெள்ளிக்கிழமை மேலாளரிடம் காட்டப் போகிறான். 41ஐ இரண்டாகக் குறைத்த பக்கத்தையும் சேர்த்துத்தான். இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகள் அவனுக்கு இரண்டு வார்த்தை எழுதுங்கள், காட்டிவிடுகிறேன்.