காய்ச்சல் விட்ட நாள்

நவம்பர் 3, திங்கள்

குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் எல்லோரும் கேட்பது சூடு எவ்வளவு என்றுதான். 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் அது காய்ச்சல் என்பது மருத்துவக் கணக்கு. அதற்கு மேல் அந்த எண்ணுக்குத் தரப்படும் மரியாதை பெரும்பாலும் அதிகம். தானாகத் தணிகிற வைரஸ் காய்ச்சலிலும் சூடு 104 வரை ஏறும். ஆபத்தான தொற்று 101-ஐத் தாண்டாமலே இருக்கவும் கூடும். பிள்ளையின் நடமாட்டமும் முகமும் தெர்மாமீட்டரைவிட அதிகம் சொல்லும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பால் மெக்கார்த்தி என்ற குழந்தை மருத்துவரும் அவர் குழுவினரும் 1982-ல் இதை முறைப்படுத்தினார்கள். காய்ச்சலோடு வரும் சிறு குழந்தையிடம் அவர்கள் பார்க்கச் சொன்னவை ஆறு: அழுகையின் வலு, பெற்றோர் தூக்கினால் அடங்குகிறதா என்பது, எழுப்பினால் தெளிவாக விழிக்கிறதா என்பது, தோலின் நிறம், வாயிலும் கண்ணிலும் ஈரம், பேச்சுக் கொடுத்தால் வரும் பதில். எதற்கும் கருவி வேண்டாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சூடு உச்சத்தில் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் துவண்டுதான் கிடக்கும். மருந்து கொடுத்துச் சூடு சற்று இறங்கிய பிறகு பார்ப்பதே சரியான பார்வை.

இந்த வீட்டுப் பிள்ளைக்கு நாலரை வயது, 16 கிலோ எடை. மாலையில் 102.4. பாராசிட்டமால் கொடுத்து ஒரு மணி நேரத்தில் அரை இட்லி தின்று, டிவி ரிமோட்டைக் கேட்டு அடம்பிடித்தான். அடம்பிடிக்கிற பிள்ளையை இன்றிரவு வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

மருந்தின் அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளி. 16 கிலோவுக்கு 160 முதல் 240 மில்லிகிராம். சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. ஒரே பெயரில் வரும் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராமும் உண்டு, 250-ம் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தோ ஒரு மில்லியிலேயே 100. அட்டையைப் படிக்காமல் மூடியால் அளந்து ஊற்றினால், ஒரு வீட்டில் பாதி மருந்து போகும், இன்னொரு வீட்டில் இரு மடங்கு போகும்.

நவம்பர் 4, செவ்வாய்

103. தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி. சளியும் இல்லை, இருமலும் இல்லை. தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் இதே காய்ச்சல்.

நவம்பர் 6, வியாழன்

இரவு இரண்டு மணிக்குப் பயம் பெரிதாகத் தெரியும். பிள்ளை வேகமாக மூச்சு விடுகிறதோ என்ற சந்தேகம் அந்த நேரத்தில்தான் வரும். சந்தேகத்தை எண்ணிக்கையாக்கிவிடலாம். பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் தவறிவிடும், குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக ஓடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலும், மூச்சு விடும்போது முனகல் கேட்டாலும் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை, கிளம்ப வேண்டியதுதான். இவனுக்கு 32 வந்தது. எண்ணி முடித்த பிறகு தாய் தூங்கினாள்.

வலிப்பு வந்துவிடுமோ என்பது இன்னொரு இரவுப் பயம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். பார்க்க நெஞ்சு பதறும். ஆனால் பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே நின்றுவிடும், மூளையைப் பாதிக்காது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பார்க்க வேண்டும். வாய்க்குள் ஸ்பூனோ விரலோ தண்ணீரோ வைக்கக் கூடாது. இரும்பைக் கையில் கொடுப்பதால் எதுவும் நிற்பதில்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் அவசரம். முதல் வலிப்பென்றால், நின்ற பிறகும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காலையில் ரத்தப் பரிசோதனை. டெங்குவுக்கான என்எஸ்1 பாசிட்டிவ். தட்டணுக்கள் 1,40,000. ரத்தத்தின் கெட்டித்தன்மையைச் சொல்லும் பிசிவி 36. இந்தக் கடைசி எண்ணை அப்போது யாரும் குறித்துக்கொள்ளவில்லை. நல்லவேளையாக அறிக்கையில் இருந்தது.

மருத்துவர் சொன்னவை மூன்று. பாராசிட்டமாலைத் தவிர வேறு காய்ச்சல் மருந்து கூடாது. ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவைக் கூட்டும். ஊசி போடச் சொல்லி எங்கும் கேட்கக் கூடாது. கஞ்சி, இளநீர், ஓஆர்எஸ் கரைசல் எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். 2012-ல் திருநெல்வேலி வட்டாரத்தில் டெங்கு கடுமையாகப் பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீரை வழங்கியது. அந்தப் பழக்கம் இந்தப் பக்கத்து வீடுகளில் நிலைத்துவிட்டது. அதைக் குடிக்கலாம், ஆனால் குடித்தாயிற்று என்ற நிம்மதியில் மற்றதைக் கவனிக்காமல் விட்டால் அந்த நிம்மதி ஆபத்தானது.

நவம்பர் 7, வெள்ளி

காலையில் 98.8. வீடு முழுக்க முகம் மலர்ந்தது. ஆச்சி சாமி படத்துக்கு முன்னால் ஒரு ரூபாயை முடிந்து வைத்தாள்.

டெங்குவில் இந்த நாள்தான் அபாய நாள். இது தெரியாததால் நேர்கிற சாவுகளை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. நோய் மூன்று கட்டமாக நகர்கிறது. முதலில் இரண்டு முதல் ஏழு நாள் வரை காய்ச்சல். பிறகு, பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, சூடு இறங்கும். அந்த வேளையில்தான் சிலருக்கு நுண் ரத்தக்குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே நிற்க, பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி வெளியேறி வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்குகிறது. உள்ளே மிஞ்சும் ரத்தம் கெட்டிப்படுகிறது, அளவு குறைகிறது, உறுப்புகளுக்குப் போதாமல் போகிறது. கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் மூன்றாவது கட்டம்; கசிந்த நீர் மெல்லத் திரும்பி வரும். தாண்ட முடியாத பிள்ளையின் வீட்டில் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: காய்ச்சல் விட்டுவிட்டதே, நன்றாகத்தானே இருந்தான்.

சூடு இறங்கிய பிள்ளை தேற வேண்டும்; பசி கேட்க வேண்டும், எழுந்து உட்கார வேண்டும். இறங்கிய பிறகும் தேறாமல் இருப்பதுதான் முதல் எச்சரிக்கை. கூடவே தொடர்ந்து வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், இனம்புரியாத சோர்வு அல்லது நிலைகொள்ளாத பரபரப்பு. இவற்றில் ஒன்று போதும், இரண்டாவதுக்குக் காத்திருக்கக் கூடாது.

பத்து மணிக்கு வயிறு வலிக்கிறது என்றான். கஞ்சி வாந்தியாக வந்தது. பிறகு தண்ணீரும் வந்தது. மதியம் ரிமோட்டைக் கையில் கொடுத்தபோது வாங்கி, பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நெற்றி குளிர்ச்சி. உள்ளங்காலும் குளிர்ச்சி, ஈரப்பிசுக்கு வேறு. தாய் அவன் விரல்நுனியை அழுத்தி விட்டாள். இரண்டு விநாடிக்குள் திரும்ப வேண்டிய சிவப்பு, வெளுப்பாகவே நின்று நிதானமாக வந்தது.

"காய்ச்சல்தான் விட்டுட்டே, இனி எதுக்கு ஆஸ்பத்திரி? பிள்ளை அசந்து தூங்கட்டும்" என்றாள் ஆச்சி.

"காலையிலருந்து அவன் ஒண்ணுக்கே போகல அத்தை" என்றாள் தாய்.

அதற்கு மேல் பேச்சு நடக்கவில்லை. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாத பிள்ளையின் உடம்பு தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வாசலில் ஆட்டோ இருந்ததால் ஆட்டோ. நினைவு தப்பினாலோ, வலிப்பு நிற்காவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ 108-ஐ அழைப்பதே மேல். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் அந்த வண்டியில் ஆக்ஸிஜனும் பயிற்சி பெற்றவரும் உண்டு. கையில் எடுத்துப் போக வேண்டியவை பழைய ரத்த அறிக்கை, காய்ச்சல் தொடங்கிய தேதி, கொடுத்த மருந்தும் நேரமும், கடைசியாகச் சிறுநீர் போன நேரம்.

நவம்பர் 8, சனி

அவசரப் பிரிவில் செவிலியர் கேட்ட முதல் கேள்வி அதுவேதான்: "கடைசியா எத்தனை மணிக்கு ஒண்ணுக்குப் போனான்மா?" அடுத்து மணிக்கட்டில் நாடி, குழந்தைகளுக்கான சின்னப் பட்டையில் ரத்த அழுத்தம். 90-க்கு 72. மேல் எண் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் இரண்டுக்கும் இடைவெளி 18. அது 20-க்குச் சுருங்கினாலே டெங்கு அதிர்ச்சி நிலை. அப்போதும் பிள்ளை கண்ணைத் திறந்து தன் பெயரைச் சொன்னான். "பேசுறானேன்னு இருந்துராதீங்க. பேசிக்கிட்டே இருக்கும்போதே இறங்கிரும்" என்றார் அவர். இந்த நோயின் கொடுமை அதுதான். அதிர்ச்சி முற்றும்வரை பிள்ளைகளின் நினைவு தெளிவாக இருக்கும்.

பிசிவி 44. முந்தாநாள் 36. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. கசிவுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. தட்டணுக்கள் 48,000. வார்டில் எல்லோரும் விசாரிப்பது இந்த எண்ணைத்தான். பக்கத்துக் கட்டிலில் அழுதுகொண்டிருந்த குழந்தையின் வாயில் பப்பாளி இலைச் சாற்றைப் புகட்டினார்கள், அது அப்படியே வாந்தியாக வந்தது. அந்தச் சாறு தட்டணுவைக் கொஞ்சம் ஏற்றுவதாகச் சில ஆய்வுகள் சொன்னாலும், அதிர்ச்சி நிலையைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. ரத்தக் கசிவு இல்லாதபோது எண் குறைந்ததற்காக மட்டும் தட்டணு ஏற்றுவதையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. டெங்குவில் பிள்ளைகளைப் பெரும்பாலும் கொண்டுபோவது கசிவும் அதை ஒட்டிய அதிர்ச்சியும். தட்டணுவையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் கால் குளிர்வதைப் பார்க்காது.

சிகிச்சை என்பது உப்புநீர். எடைக்கு அளந்து, மணிக்கு மணி நாடியும் சிறுநீரும் பார்த்து, கூட்டியும் குறைத்தும் ஏற்றுகிறார்கள். குறைந்தால் அதிர்ச்சி மீளாது; மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோக்கும். 1958-ல் பாங்காக்கில் பெரும் கொள்ளையாக வெடித்த இந்த நோயை அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையில் பல்லாண்டு கட்டில் கட்டிலாகப் பார்த்து, கசிவின் போக்கையும் நீரின் அளவையும் வகுத்தவர் சுசித்ரா நிம்மன்னித்யா. கடுமையான டெங்குவில் நூற்றுக்கு 20-க்கு மேல் இருந்த சாவை உரிய கவனிப்பால் ஒன்றுக்கும் கீழே கொண்டுவர முடியும் என்பது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை. மாயமருந்து எதுவும் இல்லை. நேரத்துக்கு வந்து சேர்வதும், விடாமல் பார்ப்பதும்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

மாலை நாலு மணிக்குச் சிறுநீர். தாராளமாக.

நவம்பர் 12, புதன்

வீடு திரும்பியாயிற்று. காலெல்லாம் சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டுகள், அரிப்பு. பயப்படும்படி இருக்கிறது, ஆனால் இது தேறும்போது வருகிற தடிப்பு. இட்லி மூன்று கேட்டு, இரண்டைத் தின்றான்.

தெருவில் இப்போது பேச்சு வேறு மாதிரி ஓடுகிறது. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்கிறார்கள். தாய்மார்களின் பதற்றத்தைப் பல இடங்களில் கை அசைத்துத் தள்ளிவிடுவதுண்டு. 2010-ல் லான்செட் இதழில் ஆன் வான் டென் ப்ருவேலும் குழுவினரும் வெளியிட்ட மீளாய்வு, குழந்தைகளின் கடுமையான தொற்றை முன்கூட்டிக் காட்டும் வலுவான அறிகுறிகளுள் ஒன்றாகப் பெற்றோரின் கவலையைச் சேர்த்தது. இந்த முறை ஏதோ வேறு மாதிரி இருக்கிறது என்ற கவலையை. முன்னால் இதே பிள்ளைக்கு வந்த காய்ச்சல்களையெல்லாம் பார்த்திருப்பவர் அவர் ஒருவர்தான். மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லிவிட வேண்டும், அறிகுறியின் பெயர் தெரியாவிட்டாலும்.

டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்தால் அந்த ஒன்றுக்கு எதிராகத்தான் நெடுநாள் காப்பு. வேறொரு வகை இரண்டாவதாக வரும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். எனவே இவனுடைய அடுத்த மழைக்காலக் காய்ச்சல் இன்னும் கவனமாகப் பார்க்கப்பட வேண்டியது. பிரிட்ஜின் பின்தட்டில் தேங்கிய தண்ணீரில் புழு நெளிந்தது. கொட்டியாயிற்று.

நவம்பர் 15, சனி

அடுத்த வீட்டில் பிறந்து ஏழு வாரமான பெண் குழந்தைக்கு 100.8. பால் குடிக்கிறாள், முகம் பார்க்கிறாள். "உங்க பையனையும் நாலு நாள் வீட்டுல வச்சுத்தானே பார்த்தீங்க, காலையில பார்த்துக்கலாம்லா" என்றாள் அவள் தாய். நாலரை வயதுப் பிள்ளைக்குச் சரியான கணக்கு இங்கே செல்லாது.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 என்ற எண்ணே அவசரம். அந்த வயதில் எதிர்ப்புச் சக்தி முதிர்ந்திருக்காது. சிறுநீரிலோ ரத்தத்திலோ மூளை உறையிலோ பாக்டீரியா இருந்தாலும் வெளியே காட்ட அந்த உடம்புக்கு வழிகள் குறைவு. முகம் பார்த்துச் சிரிப்பதை வைத்து இந்த வயதில் முடிவு கட்ட முடியாது. சில குழந்தைகளுக்குச் சூடு ஏறுவதற்குப் பதில் உடம்பு சில்லிட்டுப் போகும், பால் குடிப்பது மட்டும் குறையும். அதுவும் அதே அளவு அவசரம். பாராசிட்டமால் கொடுத்துச் சூட்டை இறக்கிப் பார்ப்பது இங்கே நேரத்தை இழப்பதாகும்.

இரவு ஒன்பது மணிக்கே கொண்டுபோனார்கள். ரத்தம், சிறுநீர், தண்டுவட நீர் மூன்றும் எடுத்து, முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்கியிருக்கிறார்கள். கல்ச்சர் முடிவு வர 48 மணி நேரமாகும்.