திரை விழுமுன் ஒரு கோடு

நாடகப் பாத்திரமொன்றை வரைய முற்படும் ஓவியனுக்கு ஆரம்பத்திலேயே ஒரு சங்கடம் உண்டு. அவன் வரையப்போகும் உருவம் ஏற்கெனவே வரையப்பட்டுவிட்டது. கோமாளியின் வெண்பூச்சும் சிவந்த வாயும் வளைந்த புருவமும் ஒப்பனைக் கலைஞன் தீட்டிய ஓவியமேயாகும். அதனை அப்படியே தாளுக்கு மாற்றினால் கிடைப்பது பிரதி மாத்திரமே. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரைச் சேர்ந்த வான்லி சகோதரர்களின் அரங்கக் கோட்டோவியங்கள், இச்சங்கடத்தை அவர்கள் கடந்த விதத்தினாலேயே கவனத்திற்குரியனவாகின்றன.

மூத்தவர் சைஃப் வான்லி 1906ஆம் ஆண்டிலும், இளையவர் அத்ஹம் வான்லி 1908ஆம் ஆண்டிலும் பிறந்தனர். வசதி படைத்த குடும்பம். அந்நகரில் வசித்த இத்தாலிய ஓவியர் ஒருவரின் கலைக்கூடத்திலே இருவரும் பயின்றனர். பின்னர் தமக்கெனக் கலைக்கூடமொன்றை அமைத்து, அருகருகே இருந்து வரைந்தனர். அக்காலத்து அலெக்சாந்திரியா கிரேக்கரும் இத்தாலியரும் யூதரும் ஆர்மீனியரும் சிரியரும் எகிப்தியரோடு கலந்து வாழ்ந்த துறைமுக நகரம். 1921இல் அங்கு திறக்கப்பட்ட முஹம்மத் அலி அரங்கிற்கு ஐரோப்பிய ஒப்பேராக் குழுக்களும் பாலே நடனக் குழுக்களும் வந்துபோயின. சேர்க்கஸ் கூடாரங்களுக்கும் குறைவில்லை. சகோதரர்கள் இருவரும் தாளும் பென்சிலுமாக அங்கெல்லாம் சென்றனர். பார்வையாளர் இருக்கையிலிருந்து மாத்திரமன்றி, பக்கத்திரைகளின் பின்னாலிருந்தும் அவர்கள் பார்த்தார்கள்.

அரங்கினுள் வரைவது வேறெங்கும் வரைவது போன்றதன்று. கலைக்கூடத்து மாதிரி அசையாதிருப்பாள். நடனமாது ஒரு கணமும் நில்லாள். மேடையில் ஒளி, ஓவியன் மடியில் இருள். கண்ணைத் தாளுக்குத் தாழ்த்தினால் அதற்குள் உருவம் மாறிவிடும். ஆகவே, கை பெரும்பாலும் பாராமலே ஓட வேண்டியிருக்கிறது. இத்தகைய கோட்டிலே திருத்தத்திற்கு இடமில்லை. முகம் இரண்டொரு கீற்றுக்களோடு முடிந்துவிடுகின்றது. எஞ்சி நிற்பது கழுத்தின் சாய்வு, முதுகின் வளைவு, உடலின் பாரம் எந்தக் காலில் தங்கியிருக்கிறது என்னும் செய்தி. ஒப்பனையால் மறைக்க முடியாதவை இவையே. கோமாளியின் சிரிப்பு வரையப்பட்டது. அவனது தோளின் தளர்ச்சியோ அவனுடையது. மேடை அரசியின் மணிமுடி வாடகைப் பொருளாயிருக்கலாம். அதனைச் சுமக்கும் கழுத்து அப்பெண்ணினுடையது. பாத்திரத்தை வரைபவன் அதன் உள்ளிருக்கும் கூலியாளையே வரைகின்றான் எனலாம்.

இருவரின் கையும் ஒன்றன்று. அத்ஹம் கேலிச்சித்திரத்தில் நாட்டமுடையவர், சேர்க்கஸிலே ஈடுபட்டவர். அவருடைய கோடு அசைவைத் துரத்துகின்றது. சைஃப் காலப்போக்கில் கியூபிசத்தையும் அரூப ஓவியத்தையும் நாடியவர். அவரிடத்தே ஆடும் உடல் தளங்களாகவும் கோணங்களாகவும் பிரிந்து, இசையின் ஒழுங்கையொத்த ஒரு கட்டமைப்பைப் பெறுகின்றது. கட்டமைப்பை மெச்சுவோர் சைஃபை முதல்வராகக் கொள்வர், அது நியாயமே. ஆயினும், அரங்க மாந்தரைப் பொறுத்தவரை அத்ஹமின் அவசரமே உண்மைக்கு அண்மித்தது.

இங்கு ஒரு வினாவைத் தவிர்க்க முடியாது. நாட்டின் விழிப்பைக் கலை பாடவேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட காலம் அது. முகத்திரையை விலக்கும் உழவர் குலப் பெண்ணையும் எழுகின்ற ஸ்பிங்ஸையும் இணைத்து மஹ்மூத் முக்தார் செதுக்கிய ‘எகிப்தின் மறுமலர்ச்சி’ 1928இல் திறந்துவைக்கப்பட்டது. 1946இல் ஹுசைன் யூசுப் அமீன் என்னும் ஆசிரியரைச் சுற்றி உருவான தற்காலக் கலைக்குழு, கெய்ரோவின் ஏழைக் குடியிருப்புகளையும் அவற்றின் மாந்திரிக நம்பிக்கைகளையும் வரைபொருளாக்கியது. அக்குழுவைச் சேர்ந்த அப்துல் ஹாதி அல்-கஸ்ஸார் வெற்றுப் பாத்திரங்களின் முன் வரிசையாக நிற்கும் மக்களைத் தீட்டினார். ‘வாழ்க்கை அரங்கு’ என்றும் அவ்வோவியம் அழைக்கப்பட்டது. அதற்காக 1949இல் அவரும் ஆசிரியரும் கைதுசெய்யப்பட்டனர். மூத்த ஓவியர் சிலர் தலையிட்ட பின்னரே விடுதலையாயினர். மக்கள் பசித்து நிற்கையில் வெளிநாட்டு நடனமாதரை வரைவோரை எப்படி மதிப்பது?

ஒப்பேரா மண்டபத்து ஆசனங்கள் எவருடையவை என்பதை மறத்தல் நேர்மையாகாது. அங்கே கஸ்ஸாரின் மாந்தருக்கு இடமில்லை. அரசாங்கத்தை அச்சுறுத்தும் ஆற்றல் வான்லி சகோதரரின் தாள்களுக்கு இருந்ததென்றும் சொல்லவியலாது. ஆனால் அவர்களுடைய கண் ஆசனங்களின் பக்கம் திரும்பவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். பட்டாடைகளையும் நகைகளையும் பொருட்படுத்தாது, மாலைதோறும் உடலை வருத்திப் பிழைப்போரையே அது பின்தொடர்ந்தது. கஸ்ஸார் பசித்தோரை மேடையில் நிற்போரைப்போல நிறுத்தினார். இவர்கள் மேடையில் நிற்போரிடம் உழைப்பின் களைப்பைக் கண்டார்கள். இரண்டும் ஒரே நிறையுடையன அல்ல. எனினும் ஒன்றைக் காட்டி மற்றையதை அந்நியமெனத் தள்ளிவிடுவது அவசரத் தீர்ப்பாகும். ஒரு கோமாளி எந்த நாட்டுக் கப்பலில் வந்திறங்கினான் என்பதை வைத்து, அவனைக் கண்ட கண்ணின் நாட்டை நிர்ணயிக்க முடியாது.

1956ஆம் ஆண்டின் சுயெஸ் போருக்குப் பின் அந்நகரின் பிறநாட்டுச் சமூகங்கள் பெருமளவில் கலைந்து சென்றன. 1962இல் முஹம்மத் அலி அரங்கு, அந்நகரிலேயே பிறந்த இசைமேதை சையித் தர்வீஷின் பெயரைப் பெற்றது. பழைய பெயரிலிருந்து புதிய பெயருக்கு வந்தது இயற்கையான மாற்றமே, வருந்தத்தக்கது எதுவுமில்லை. ஆனால் அங்கு ஆடியவர்களுள் எத்தனையோ பேர், பெயரும் முகமுமின்றி, ஒரு முதுகாகவும் ஒரு காலாகவும் மாத்திரம் இத்தாள்களிலே எஞ்சியுள்ளனர்.

1959இல் சகோதரர்கள் இருவருக்கும் அரசு ஒரு பணியை ஒப்படைத்தது. அஸ்வான் உயரணையினால் நீரில் மூழ்கவிருந்த நூபியாவை மூழ்குமுன் வரைந்து பதிய வேண்டும் என்பதே அது. வெண்சுவர் வீடுகள், வாயிற்கதவுகள், நதியோரத்துப் பெண்கள் எல்லாம் இன்னும் சில ஆண்டுகளில் இல்லாது போகவிருந்தவை. திரை விழுமுன் வரைந்து பழகிய கைகளுக்கு அப்பணி புதிதாக இருந்திராது. அவ்வாண்டு டிசம்பரில் அத்ஹம் காலமானார். அணையின் வேலை அடுத்த மாதம் ஆரம்பமாயிற்று. 1979இல் மறையும்வரை சைஃப் தனியே வரைந்துகொண்டிருந்தார்.