சித்தப்பாவின் கச்சேரியும் பழைய கம்ப்யூட்டரும்



சித்தப்பா திதிக்கு வந்தவர்கள் எங்கள் வீட்டு டிவியில் அவருடைய நாகஸ்வரக் கச்சேரியைப் பார்த்துவிட்டு, "இது எப்படி உங்களிடம் இருக்கிறது?" என்று கேட்டபடி இருக்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

2006-இல் பொதிகையில் வந்தது அது. அரை மணி நேரம். சித்தப்பா வாசிப்பில் நமக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான். எத்தனையோ கல்யாண வீடியோக்களில் அவர் உருவம் இருக்கிறது. ஆனால் வீடியோக்காரர்கள் சத்தத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டிருப்பார்கள்!

அப்போது டிவிடி ரிக்கார்டர் வாங்கினால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். வீட்டிலோ பென்டியம் 4 கம்ப்யூட்டர் இருந்தது, 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். பழைய மாணவன் ஒருவன் ரிச்சி தெருவில் டிவி டியூனர் கார்டு வாங்கி வந்து மாட்டிக்கொடுத்தான். 2000 ரூபாய்க்குள் முடிந்தது.

கேபிள் ஒயரை டிவியிலிருந்து பிடுங்கி கார்டில் செருக வேண்டும். ஸ்ப்ளிட்டர் போட்டால் சிக்னல் பங்காகி, இரண்டிலும் படம் புள்ளி புள்ளியாக வரும். விநாடிக்கு 25 ஃப்ரேம் வருவதை எம்பெக்-2 ஆகச் சுருக்குவது முழுக்க கம்ப்யூட்டரின் தலையில். அதனால் ரிக்கார்டிங் ஓடும்போது வீட்டில் யாருக்கும் சீட்டு விளையாடக்கூட அனுமதி கிடையாது. விளையாடினால் படம் துள்ளும். மணிக்கு 2 ஜிபி தின்னும். கரண்ட் போனால் யூபிஎஸ் கால் மணி நேரம் தாங்கும், மானிட்டரை அணைத்து வைத்தால் இன்னும் கொஞ்சம்.

கச்சேரி அன்று எனக்குத் தேர்வு டியூட்டி. டைமர் வைத்துவிட்டுப் போனேன். ஒளிபரப்பு முன்னே பின்னே ஆகும் என்று 5 நிமிடம் முன்பும் 10 நிமிடம் பின்பும் சேர்த்து வைத்தேன். அதனால்தான் ஆரம்பத்தில் உரம் போடும் முறை பற்றி ஒருவர் பேசுகிறார். வெட்ட மனம் வரவில்லை.

சித்தப்பாவும் அன்று ஒரு திருவிழாவில் வாசித்துக்கொண்டிருந்தார். இரவு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். "தவில்காரர் நல்லா வாசிச்சிருக்கார்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது செட்டாப் பாக்ஸிலேயே பென் டிரைவ் செருகிப் பதிவு செய்யலாமே என்பீர்கள். கட்டணப் பெட்டிகள் பலவும் பூட்டுப் போட்டுத்தான் எழுதுகின்றன. அது அதே பெட்டியில் மட்டும் ஓடும். என் மச்சினன் மகள் பட்டிமன்றத்தில் பேசியதை அப்படித்தான் எடுத்து வைத்தார்கள். பெட்டி பழுதாகி வேறு பெட்டி வந்தது. பென் டிரைவ் இருக்கிறது, பேச்சைக் கேட்க வழியில்லை. எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. கம்ப்யூட்டரில் எடுத்ததோ சாதாரண ஃபைல். மூன்று கம்ப்யூட்டர் மாறிவிட்டேன், அதுவும் கூடவே வந்துவிட்டது.

கேபிள் டிஜிட்டல் ஆனபின் அந்த கார்டுக்கு வேலையில்லை. இன்று செய்ய நினைப்பவர்கள், பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு யூஎஸ்பி கேப்சர் வாங்கிப் பழைய லேப்டாப்பில் செருகினால் போதும். ஓபிஎஸ் என்ற மென்பொருள் இலவசம். பேரன் பேத்திகள் டிவியில் வரும் நாளுக்கு முன்பே ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கச்சேரி வேண்டுபவர்கள் பென் டிரைவோடு வீட்டுக்கு வாருங்கள். உரத்தோடு சேர்த்து ஒன்றரை ஜிபிதான்.