மாமியார் கேமரா

கோவில்பட்டியிலிருந்து எங்கள் ஊர்க் கல்யாணங்களுக்குப் படம் எடுக்க வரும் ஸ்டூடியோ அண்ணாச்சியிடம் ஒரு கேமரா இருந்தது. இளையரசனேந்தலில் அதற்கு ‘மாமியார் கேமரா’ என்று பெயர். மேலே ஒரு கண், கீழே ஒரு கண். ஒன்று பார்க்கும், இன்னொன்று பதிந்து வைத்துக்கொள்ளும். மாமியாரும் அப்படித்தானே என்பார்கள். உண்மையில் அது ஜப்பான் மாமியா கம்பெனியின் சி33 மாடல். பெயரை வாசித்த யாரோ ஒரு புண்ணியவான் கடைசியில் ஒரு ‘ர்’ சேர்த்துவிட்டார்.

அப்போது எங்கள் ஊர் சங்கரன்கோவில் தாலுகா. ஆனால் போட்டோ, சினிமா, தீப்பெட்டி ஆபீஸ் வேலை எல்லாவற்றுக்கும் கோவில்பட்டிதான். அண்ணாச்சி பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒரு தோளில் ஸ்டாண்ட், இன்னொரு தோளில் தோல் பெட்டி. கேமரா மட்டுமே இரண்டு கிலோவுக்குக் கிட்டே இருக்கும்.

இரட்டைக் கண் கேமராவை நம் வயதுக்காரர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். ரோலிபிளெக்ஸ், யாஷிகா என்று ஸ்டூடியோக்களில் இருக்கும். அவற்றில் பொருத்தி வந்த லென்ஸ்தான், கழற்ற முடியாது. ரோலிபிளெக்ஸ்காரர்கள் தூரத்துக்கு ஒரு கேமரா, அகலத்துக்கு ஒரு கேமரா என்று தனித்தனியாகவே செய்து விற்றார்கள். மாமியாவில் லென்ஸை மாற்றலாம். ஒற்றையாக அல்ல, மேல் கண்ணும் கீழ்க் கண்ணும் ஒரே பலகையில் ஜோடியாகக் கழன்று வரும். பக்கவாட்டுத் திருகைத் திருப்பினால் உள்ளே ஒரு தகடு எழுந்து பிலிமை மறைத்துக்கொள்ளும். அப்புறம் முன்னால் இருக்கிற கம்பியை விலக்கி ஜோடியை எடுக்க வேண்டும். புது ஜோடியை மாட்டித் தகட்டை இறக்கும் வரை படம் விழாது. முன்பக்கம் கொல்லன் துருத்தி மாதிரி நீளும், சுருங்கும். 1950களின் பின்பாதியில் வந்த இந்த வரிசை 1990கள் வரை ஓடியது.

அண்ணாச்சியிடம் இரண்டு ஜோடி. கூட்டத்துக்கு 80 மில்லிமீட்டர், முகத்துக்கு 180. பெரியதை அவர் எடுப்பது அபூர்வம். பிலிம் சுருளில் பன்னிரண்டே படம். அதை வீணாக்க மாட்டார்.

1973இல் அக்கா கல்யாணம். எல்லோரும் முற்றத்தில் நின்று குரூப் போட்டோ எடுத்தாயிற்று, ஆச்சி மட்டும் வரவில்லை. அப்பாவின் அம்மா. அதுவரை எந்தப் படத்திலும் அவள் விழுந்ததில்லை. அப்பா போய்க் கெஞ்சினார்.

“ஏ ஐயா, போட்டோ புடிச்சா ஆயுசு கொறயும்லா. நான் போன பெறகு எடுத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு வடக்குத் திண்ணையில் போய் உட்கார்ந்து வெற்றிலை இடிக்க ஆரம்பித்தாள். போன பிறகு நாற்காலியில் சாய்த்து மாலை போட்டு எடுக்கிற படம் அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்தது. அப்பாவுக்கு அது பிடிக்காது.

“விடுங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்” என்றார் ஸ்டூடியோக்காரர். ஸ்டாண்டை அசைக்கவில்லை, கேமராவை மட்டும் திருப்பினார். பெட்டியிலிருந்து 180ஐ எடுத்து மாட்டினார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். திண்ணைக்கும் கேமராவுக்கும் பன்னிரண்டு அடி இருக்கும். 80 என்றால் அதே அளவுக்கு அவளைப் பிடிக்க ஐந்தரை அடிக்குள் போக வேண்டும், ஆச்சி எழுந்து போயிருப்பாள். இன்னொரு வசதி, இந்தக் கேமராவில் ஆளைப் பார்த்து எடுப்பதில்லை. மேல் மூடியைத் திறந்து குனிந்து கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அதில் உருவம் இடம் வலமாகத் தெரியும். குனிந்து ஏதோ ரிப்பேர் பார்க்கிறார் என்றுதான் ஆச்சி நினைத்திருப்பாள். சத்தமும் ஒரு சின்ன ‘டிக்’தான். உரலில் பாக்கு இடிபடும் சத்தத்தில் அது எங்கே கேட்கப் போகிறது?

அந்தப் படத்தை அண்ணாச்சி ஆல்பத்தில் ஒட்டாமல் தனிக் கவரில் போட்டு அப்பாவிடம் கொடுத்தார். அப்பா டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். சொல்லாமல் எடுத்தது சரியா என்று அவருக்கு உறுத்தல். எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. கரிசல் காட்டில் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. கல்யாணக் கடன் வேறு. ஆச்சி இரண்டு காதிலிருந்தும் பாம்படத்தைக் கழற்றிக் கொடுத்தாள். அவளுடைய அம்மா போட்டிருந்தது. கோவில்பட்டியில் உருக்கி எடைக்குப் போட்டார்கள். தோள் வரை தொங்கிய காது வெறுமையாக ஆடிக்கொண்டிருக்கும். ஆச்சி முந்தானையை எடுத்துக் காதோடு போர்த்திக்கொள்ளப் பழகிவிட்டாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முதல்நாள் அப்பா படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். திட்டுவாள் என்று நாங்கள் ஒதுங்கி நின்றோம். வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

“பாம்படம் நல்லா விழுந்திருக்கு” என்றாள். அவ்வளவுதான். படம் அதற்குப் பிறகு டிரங்குப் பெட்டிக்குப் போகவில்லை, அவள் தலைமாட்டில் இருந்த வெற்றிலைப் பெட்டிக்குள் போயிற்று. இன்னும் பதினோரு வருஷம் இருந்தாள். ஆயுசு எங்கே குறைந்தது?

அண்ணாச்சி காலமாகிவிட்டார். ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. மகன் நெகட்டிவ்களை வருஷவாரியாகப் பட்டர் பேப்பர் கவரில் வைத்திருக்கிறார், கேட்டு வருகிற வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிறார். போன மாதம் எங்கள் சுருளையும் வாங்கி வந்தேன். மாமியாவையும் காட்டினார். துருத்தியின் மடிப்புகளில் ஊசித் துளைகள், 180இன் கண்ணாடியில் பூஞ்சை.

பேரன் அந்த நெகட்டிவை ஸ்கேன் செய்தான். ஒரு பக்கம் 56 மில்லிமீட்டர் சதுரம். பின்னால் வந்த சின்ன பிலிமைப் போல மூன்றரை மடங்குப் பரப்பு. பெரிதாக்கிக்கொண்டே போனான், கலையவில்லை. பாம்படத்தின் உருண்டையும் தட்டும் சதுரமும் தனித்தனியாகத் தெரிந்தன. இடது காதில் ஒரு தட்டு லேசாக நசுங்கியிருக்கிறது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினோம். சின்ன வயதில் தூங்கும்போது அதைப் பிடித்து இழுத்தது தான்தான் என்றாள்.