பந்தாடும் மகளிர்

தமிழ்ப் பாட்டில் பந்து பெரும்பாலும் பெண்டிர் கையிலேயே இருக்கிறது. சங்கச் சான்றோர் மகளிர் ஆட்டங்களைக் கூறுமிடத்துப் பந்தையும் கழங்கையும் சேர்த்தே கூறுவர். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் கந்துகவரி என்று ஒரு பகுதி உண்டு. பந்தடித்துக்கொண்டே மகளிர் பாடும் பாட்டு அது. பிற்காலத்தில் வந்த திரிகூடராசப்பக் கவிராயர், குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியைப் பந்தடிக்க வைத்தார். அப்பகுதியை உரக்கப் படித்தால் பந்து தரையில் மோதி எழும் ஓசையே காதில் விழும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாக இருந்த யான், மேசையைத் தட்டித் தாளமிட்டு அப்பாட்டை நடத்துவது வழக்கம். பிள்ளைகள் மகிழ்வர், யானும் மகிழ்வேன்.

1989ஆம் ஆண்டில் ஒருநாள் அப்பாட்டை நடத்தி முடித்தேன். அன்று யான் பணியாற்றிய பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் இல்லை. ஆதலால் விளையாட்டுப் பொருள்கள் இருந்த அலமாரியின் திறவுகோல் என்னிடம் இருந்தது. மாலை மணி அடித்ததும் பையன்கள் வந்து பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். அன்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தோழியர் நால்வரைப் பின்னே நிறுத்திக்கொண்டு, என்முன் வந்து நின்றாள்.

"ஐயா, எங்களுக்கும் ஒரு பந்து வேண்டும்."

"என்ன பந்து, அம்மா?"

"கால்பந்து, ஐயா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அஃது ஆண்பிள்ளைகள் ஆட்டம். நீ காலை முறித்துக்கொண்டால் உன் தந்தையார்க்கு யார் விடை சொல்வது?" என்றேன்.

அவள் தயங்கவில்லை. "வசந்தவல்லி மட்டும் ஆடலாமா, ஐயா?" என்று கேட்டாள்.

"பாட்டில் ஆடலாம்" என்றேன்.

சுற்றி நின்ற பையன்கள் கொல்லென்று சிரித்தனர். அவள் திரும்பிப் போய்விட்டாள். பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. நயமாக ஒரு விடை சொல்லிவிட்டோம் என்று அன்று எனக்குப் பெருமிதமாகவே இருந்தது.

ஆண்டுகள் பல கடந்தன. பணி ஓய்வும் பெற்றேன். 2025ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை இரவு, எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி தொலைக்காட்சியை விட்டு நகர மறுத்தாள். சுவிட்சர்லாந்து நாட்டின் பேசல் நகரில் ஐரோப்பிய மகளிர் காற்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒருபுறம் இங்கிலாந்து, மறுபுறம் ஸ்பெயின். அரங்கில் 34,000 பேருக்கு மேல் கூடியிருந்தனர். யானும் அவள் அருகில் அமர்ந்தேன். சிறிது நேரத்தில் அவள், "தாத்தா, பெண்கள் இந்தப் போட்டியை எப்போதிருந்து ஆடுகிறார்கள்?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. புலவனுக்குத் தெரியாத ஒன்றைப் பேத்தி கேட்டுவிட்டால் அவன் நூல்களைத்தானே நாடவேண்டும்? அடுத்து வந்த நாள்களில் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் ஈண்டு எழுதுகிறேன்.

முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஆடவர் போர்முனை சென்றனர். மகளிர் தொழிற்சாலைகளில் வெடிகுண்டு செய்யப் புகுந்தனர். பிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பெண்கள் இடைவேளையில் பந்துதைத்துப் பழகி, 1917இல் அணியாகத் திரண்டனர். தொழிற்சாலையின் பெயரால் அவ்வணிக்கு டிக் கெர் மகளிர் அணி என்று பெயர். காயமுற்ற போர்வீரர்க்குப் பொருள் திரட்டவே முதலில் ஆடினர். 1920ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் அரங்கில் அவர்கள் ஆடியபோது 53,000 பேர் வந்தனர். இடமின்றி வாயிலிலிருந்து திரும்பியவர் பல்லாயிரவர்.

அடுத்த ஆண்டே, 1921 திசம்பர் 5ஆம் நாள், இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் ஒரு முடிவு செய்தது. சங்கத்தைச் சேர்ந்த எந்தக் கழகமும் தன் ஆடுகளத்தை மகளிர்க்குத் தரலாகாது. இந்த ஆட்டம் பெண்டிர்க்குப் பொருந்தாது என்பது ஒரு காரணம். திரண்ட பணத்தில் மிகுதியானது செலவில் போய்விடுகிறது என்பது மற்றொன்று. ஆட்டத்தைச் சட்டம் போட்டு ஒழிக்கவில்லை என்பதைக் கருதிப் பாருங்கள். களத்தின் கதவை மட்டும் பூட்டினார்கள். அப்பூட்டு ஐம்பது ஆண்டு, 1971 வரை, திறக்கப்படவில்லை. பூங்காக்களிலும் பிற வெளிகளிலும் ஆடியவர்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆயினும் 53,000 பேர் அமர்ந்து காணும் அரங்கு அங்கே ஏது? மேற்கு ஜெர்மனியிலும் 1955இல் இத்தகைய தடை பிறந்தது. அது 1970இல் நீங்கியது. நல்ல மனிதர்கள்தாம் இத்தடைகளை விதித்தார்கள் என்று நினைக்கிறேன். பெண்களின் உடல்நலத்தில் அவர்களுக்கு அக்கறை இருந்தது. எனக்கும் அன்று அம்மாணவியின் கால் எலும்பில் அக்கறை இருந்தது.

தடைகள் நீங்கிய பின்னர், ஐரோப்பியக் காற்பந்து ஒன்றியம் நாட்டு அணிகளுக்கிடையே ஒரு போட்டியை அமைத்தது. 1982இல் தகுதி ஆட்டங்கள் தொடங்கின. பதினாறு நாடுகளே சேர்ந்தன. அந்நாளில் ஒன்றியத்தில் இருந்த நாடுகளில் அது பாதிகூட இல்லை. அதனால் 'சாம்பியன்ஷிப்' என்னும் பெயரைக்கூட அப்போட்டிக்குத் தரவில்லை. அப்பெயர் 1991இல் முடிந்த போட்டிக்கே கிடைத்தது. பந்து ஆடவர் பந்தினும் சிறியது. ஆட்டமோ 70 நிமிடமே. தொண்ணூறு நிமிடம் ஓட மகளிர்க்கு வலிமை இராது என்பது எண்ணம். அதனைக் கேட்டு வயல் நடவு செய்யும் எந்தத் தாயும் நகைத்திருப்பாள்.

1984 மே மாதத்தில் சுவீடனும் இங்கிலாந்தும் இறுதிக்கு வந்தன. இரு நாட்டிலும் ஓர் ஆட்டம் என்பது ஏற்பாடு. சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்து ஆட்டத்தில் பியா சுந்தகே என்ற வீராங்கனை கோல் அடித்தார். சுவீடன் ஒன்றுக்குச் சுழியம் என வென்றது. பதினைந்து நாள் கழித்து லூட்டன் நகரில் இரண்டாம் ஆட்டம். மழை பெய்து களம் சேறாகிக் கிடந்தது. ஓடுபவர் கால் புதைந்தது. உதைத்த பந்து உருளாமல் நின்றது. பார்க்க வந்தவர் மூவாயிரம் பேர்கூட இல்லை. இங்கிலாந்து ஒரு கோல் அடித்துக் கணக்கைச் சமன் செய்தது. பிறகு இரு அணியும் முறை வைத்துப் பெனால்டி உதைத்தன. சுவீடனுக்கு வெற்றியைத் தந்த உதையும் சுந்தகேயினுடையதே. இவர் சிறுமியாக இருந்தபோது பெண்களுக்கென அணி இல்லாமையால், பையன்களோடு ஆடுவதற்காக ஆண்பெயர் ஒன்றைத் தாங்க வேண்டியிருந்ததாம். நாட்டுக்கு வாகை சூட்டிய நாளில் அவருக்கு வயது இருபத்து நான்கு. அவர் பிறந்தது 1960ஆம் ஆண்டில். யான் பிறந்ததும் அவ்வாண்டில்தான்.

1987இல் நார்வே வென்றது. அடுத்த போட்டியின் ஆண்டைப் படித்ததும் நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வாளா இருந்தேன். அது 1989. அவ்வாண்டின் இறுதிச் சுற்று மேற்கு ஜெர்மனியில் நடந்தது. அரையிறுதியில் ஜெர்மனியும் இத்தாலியும் சமநிலையில் நிற்க, பெனால்டி முறை வந்தது. ஜெர்மனியின் கோல் காப்பாளர் மரியோன் இஸ்பெர்ட், எதிரணியின் மூன்று உதைகளைத் தடுத்தார். அதனோடு நில்லாமல், தாமே சென்று பந்தை உதைத்து வெற்றியையும் முடித்துவைத்தார். அந்நாட்டுத் தொலைக்காட்சி முதன்முதலாக நேரடியாக ஒளிபரப்பிய மகளிர் காற்பந்தாட்டம் அதுவே. ஓஸ்னாபுருக் நகரத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் நார்வேயை 4-1 என வென்றனர். 22,000 பேர் கண்டு களித்தனர்.

வெற்றி பெற்ற வீராங்கனையர்க்கு ஜெர்மன் காற்பந்துச் சங்கம் அளித்த பரிசு யாது தெரியுமா? ஆளுக்கு ஒரு காப்பிச் செட்டு! பூ வரைந்த பீங்கான் கோப்பைகளும் தட்டுகளும். ஐரோப்பாவையே வென்று வந்தவரைச் சமையலறைக்கு அனுப்பிவைத்தது அப்பரிசு. கொடுத்தவர்கள் பகை கருதிக் கொடுக்கவில்லை. பெண்களுக்கு ஏற்றது என்று மெய்யாகவே எண்ணிக் கொடுத்தார்கள். அவர்களைப் பார்த்து யான் சிரிக்கத் தொடங்கினேன். ஆனால் அதே ஆண்டில், "பாட்டில் ஆடலாம்" என்று ஒருவன் சொன்னானே, அவன் நினைவு வந்து என் சிரிப்பை நிறுத்தியது. காப்பிச் செட்டாவது ஒரு பரிசு!

அதன்பின் ஜெர்மனியின் காலம். 1989 முதல் 2013 வரை எட்டு முறை அந்நாடே வாகை சூடியது. இடையே 1993இல் மட்டும் நார்வே. இறுதிச் சுற்றில் ஆடும் அணிகள் 1997இல் எட்டாகவும், 2009இல் பன்னிரண்டாகவும், 2017இல் பதினாறாகவும் பெருகின. 2017இல் நெதர்லாந்து வென்றது. அதன் பயிற்சியாளர் சரினா வீக்மன் என்ற பெண்மணி. இவரும் குழந்தைப் பருவத்தில் குட்டை முடியோடு பையன்கள் நடுவே ஆடிப் பழகியவர். பிறகு இங்கிலாந்து அணியைப் பயிற்றுவிக்கச் சென்றார்.

2022 சூலை 31ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்து ஜெர்மனியை எதிர்கொண்டது. வந்திருந்தோர் 87,192 பேர். ஐரோப்பிய இறுதிச் சுற்று ஆட்டம் எதற்கும், ஆடவர் ஆட்டத்திற்குங்கூட, அதற்கு முன் அத்துணைப் பேர் கூடியதில்லை. கூடுதல் நேரத்தில் குளோயி கெல்லி அடித்த கோலால் இங்கிலாந்து 2-1 என வென்றது. எந்த நாட்டில் களத்தின் கதவைப் பூட்டினார்களோ அந்த நாட்டில் இது நடந்தது.

வென்ற மூன்றாம் நாள் அவ்வணியின் 23 வீராங்கனையரும் ஒப்பமிட்டு ஒரு திறந்த மடல் எழுதினர். அந்நாட்டின் அடுத்த பிரதமராகப் போட்டியிட்ட இருவர்க்கும் எழுதிய மடல் அது. பொன்னும் பொருளும் அவர்கள் கேட்கவில்லை. பள்ளி உடற்பயிற்சி வகுப்பில் காற்பந்து ஆடும் வாய்ப்பு அப்போது நூற்றுக்கு 63 சிறுமியர்க்கே கிடைத்தது. விரும்பும் ஒவ்வொரு சிறுமிக்கும் அது கிடைக்க வேண்டும் என்று கேட்டார்கள். தாங்கள் சிறுமியராய் இருந்தபோது பலமுறை தடுக்கப்பட்டதையும் எழுதியிருந்தார்கள். 2023 மார்ச்சில் அந்நாட்டு அரசு, பள்ளி விளையாட்டுகளில் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் நிகரான வாய்ப்பளிப்பதாக அறிவித்தது. ஐரோப்பிய வாகை சூடியவர்கள் நாடாள வருவோரிடம் கேட்டதைத்தான், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டிருக்கிறாள். நாடாள்வோரைத் தேட வேண்டிய நிலை அவளுக்கு இல்லை. திறவுகோல் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

2025ஆம் ஆண்டுப் போட்டிக்கு வருகிறேன். போட்டியை நடத்திய சுவிட்சர்லாந்தின் அணிக்குப் பயிற்சியாளராகக் களத்தின் ஓரத்தில் நின்றவர் யார்? லூட்டன் சேற்றில் இறுதி உதையை உதைத்த அதே பியா சுந்தகே! அறுபத்தைந்து வயதில் அவர் அங்கே நின்றார். அவர் அணி கால் இறுதிவரை வந்து, ஸ்பெயினிடம் தோற்றது. அப்போட்டியின் மொத்தப் பரிசுத் தொகை 4 கோடியே 10 இலட்சம் யூரோ.

இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் முதலில் ஒரு கோல் அடித்தது. இடைவேளைக்குப் பிறகு இங்கிலாந்து சமன் செய்தது. கூடுதல் நேரமும் கழிந்து பெனால்டி வந்தபோது நம் ஊரில் நள்ளிரவு ஆகிவிட்டது. என் பேத்தி தலையணையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தாள். இங்கிலாந்தின் கோல் காப்பாளர் ஹன்னா ஹாம்ப்டன் இரண்டு உதைகளைத் தடுத்தார். கடைசியாக வந்தவர் அதே குளோயி கெல்லி. ஒரு காலைத் தூக்கித் துள்ளி ஓடிவந்து உதைத்தார். வலை அதிர்ந்தது. வீடு முழுதும் விழித்துக்கொள்ளுமாறு என் பேத்தி கத்தினாள்.

சில நாள் கழித்து, படித்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். காப்பிச் செட்டைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அலமாரித் திறவுகோலின் கதையையும் மறைக்காமல் சொன்னேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை.

"அந்த அக்கா அப்புறம் ஆடினார்களா, தாத்தா?"

"தெரியாது, அம்மா."

"அவர்கள் பெயர் என்ன?"

கந்துகவரியைத் தொடக்கம் முதல் ஈறுவரை என்னால் இன்றும் பார்க்காமல் சொல்ல முடியும். நாள்தோறும் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து யானே அழைத்த அப்பெயர் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை.