மணல் நாட்டில் ஒரு நாள்

சென்ற விடுமுறையில் ஆனேக்கல் வட்டத்துத் தமிழ் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, இராஜஸ்தானப் பாலைவனத்தில் ஒரு பகல் பயணம் செய்தோம். விடியற்காலையில் ஜோத்பூரில் எங்களை ஏற்றிய வண்டி, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் கடந்து பிற்பகலில் ஜெய்சால்மரை அடைந்தது.

வழியில் தனித்து நின்ற மரமொன்றைக் கண்ட மாணவி ஒருத்தி, "இது தசராவில் நம்மூரார் வழிபடும் வன்னியன்றோ!" என வியந்தாள். ஆம், அங்கே அதனைக் கேஜ்ரி என்பர். 1730-ஆம் ஆண்டில், ஜோத்பூரை அடுத்த கேஜர்லி என்னும் சிற்றூரில், இம்மரங்களைக் காக்க 363 பிஷ்னோய் மக்கள் உயிர் நீத்தனர். அதைக் கூறியபோது பெட்டியில் பேச்சொலி அடங்கியது.

ஜெய்சால்மரில் ஆண்டு மழை சராசரியாக ஏறக்குறைய 20 சென்டிமீட்டரே. ஆயினும் குழாய்நீர் வருமுன் பல நூற்றாண்டுகள் அந்நகரம் வாழ்ந்தது. கடீசர் ஏரி மழைநீரைத் தேக்கி ஊருக்கு ஈந்தது. சிற்றூர்களில் கூரையிலும் முற்றத்திலும் விழும் நீரை, 'டாங்கா' என்னும் நிலத்தடித் தொட்டியில் சேமித்துப் பருகுவர்.

நம் ஆனேக்கல் பக்கமோ அதனினும் நான்கு மடங்குக்குக் குறையாத மழை பெறுவது. முன்னோர் வெட்டிய ஏரிகளும் பல. எனினும் கோடையில் தண்ணீர் லாரியை எதிர்நோக்கிக் குடத்துடன் நிற்கிறோம். வானம் வஞ்சித்தது என்று கூறுதல் தகுமோ?

வாடகை வீட்டில் வாழும் நமக்கென்ன என்று எண்ண வேண்டா. பிழைக்க வந்த ஊரின் நீரும் நம் நீரே. தத்தம் குடியிருப்பின் கூரைநீரைத் தொட்டியில் சேர்க்க மாணவர்கள் உறுதி பூண்டுள்ளனர். அன்பர்களே, அவர்களுக்குத் தோள் கொடுப்போமாக!